மெஷின்கன் கேட்டார் நண்பர்... பழவேற்காடு போனோம்!

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு நண்பர். ஸ்டாம்ப், பழைய காசு சேர்க்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். 'சேர்த்தா மெஷின்கன் சேர்க்கணும் சார்!' என்பார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் தூக்கிக்கொண்டு அலைந்த விக்கர்ஸ் மெஷின்கன்தான் அவருடைய கனவுக்கன்னி!

பிரிட்டனில் இது பெரிய விஷயமே இல்லை. 1988-ல் வந்த சட்டப்படி, துப்பாக்கியின் குழாயையும் உள்பாகங்களையும் வெட்டிச் சிதைத்து, 'இனி சுடாது' என்று லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையில் முத்திரையும் சர்ட்டிபிகேட்டும் வாங்கிவிட்டால் போதும். லைசென்ஸ் இல்லாமலே ஹாலில் வைத்துக்கொள்ளலாம்.

துப்பாக்கி கிடைத்ததும் பைத்தியம் தெளிந்துவிடும் என்கிறீர்களா? அப்புறம்தான் முற்றும்! விக்கர்ஸ் சுடச் சுடக் கொதிக்கும். அதற்காகக் குழாயைச் சுற்றி, நாலு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் உறை. ஆவி மேலே கிளம்பினால் எதிரிக்கு இடம் தெரிந்துபோகுமே... அதனால் ரப்பர் டியூப் வழியாக ஆவியை ஒரு தகர டப்பாவுக்குள் விட்டுத் தண்ணீராக்கி, மறுபடி உறைக்குள் ஊற்றுவார்கள். அந்த டப்பா, 250 தோட்டா செருகும் துணி பெல்ட், முக்காலி... எல்லாம் அசல்தானா, அதே காலத்துச் சரக்கா என்று தேடி அலைவார்கள். தகர டப்பாவுக்கு இத்தனை மவுசு!

'இங்கே ஒண்ணு வாங்கினா என்ன சார்?'

வக்கீல் ஒருவரிடம் கேட்டோம். சிரித்தார். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தில் மெஷின்கன் 'தடை செய்யப்பட்ட ஆயுதம்'. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் 14 வருஷம் களி! பழசாகிப்போன, கெட்டுப்போன ஆயுதத்துக்கு விலக்கு உண்டுதான். ஆனால், ரிப்பேர் செய்தாலும் சுடாது என்ற நிலையில் இருக்க வேண்டும். 'வெறும் இரும்பு சார்' என்று காயலான் கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்கினால், கோர்ட்டில் அவர் வந்து நிற்க மாட்டார்.

நண்பர் முகம் தொங்கிப்போனது. ஆறுதலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு கூட்டிப்போனேன். இந்த மீனவ ஊருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? பலமான சம்பந்தம்! 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே 'கெல்ட்ரியா' கோட்டையைக் கட்டினார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் சேர்த்து இடித்து வெடிமருந்து தயாரித்தார்கள். அது கப்பலேறி, இன்றைக்கு ஜகார்த்தா ஆகிவிட்ட படேவியா வரை போனது. அந்நாளில் கடல் தாண்டி வெடித்த பீரங்கிகளுக்குத் தீனி போட்டது நம்ம பழவேற்காடு! இப்போது கோட்டை இருந்த இடத்தில் புதரும் அகழியும்தான். டச்சுக் கல்லறை வாசலில் மட்டும் இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிற இடம். ஞாபகத்துக்கென்று ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது.

ஏரிக்கரையில் ஒரு பெரியவர் வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். நண்பர் விடவில்லை.

'வலையில எப்பவாச்சும் பழைய குண்டு, இரும்பு மாட்டுமா பெரியவரே?'

'இரும்பு மாட்டுனா வலை கிழியும் தம்பி. எறா மாட்டுனாத்தான் சோறு. நாளைக்கு எங்க பாடு, அதுக்குள்ள தெச்சாவணும்' என்றார், நிமிராமலே. ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் பாடு.

ஒருவேளை எங்காவது பழைய குண்டு கண்ணில் பட்டால், தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். துருப்பிடித்த குண்டுக்கும் உயிர் இருக்கலாம்.

ஆசை அடங்காதவர்களுக்கு சென்னைக் கோட்டை மியூசியம் இருக்கிறது. வாள், துப்பாக்கி, பீரங்கி எல்லாம் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் லீவு.