கடலில்லா ஊரில் உப்பரிக்கும் பாலம்

இங்கிலாந்தின் நட்டநடுவில் இருக்கிறது பர்மிங்காம். கடற்காற்று எட்டாத ஊர். ஆனாலும் அங்குள்ள ப்ராம்ஃபோர்டு மேம்பாலத்துக்கு உப்புதான் தீராத பகை.

எம்6 விரைவுச்சாலையைச் சுமக்கும் இந்தப் பாலத்தின் நீளம் 5.6 கி.மீ. பிரிட்டனில் இதைவிட நீளமான மேம்பாலம் கிடையாது. நெருக்கமான தொழில் நகரத்துக்குள் சாலையை நுழைக்க டேம் ஆற்றின் பள்ளத்தாக்கு கைகொடுத்தது (லண்டனின் தேம்ஸ் வேறு). ரயில் பாதையும் ஆலைகளும் ஏற்கெனவே மொய்த்திருந்த தாழ்நிலம் அது. பாலத்தின் மேற்கு முனையில், 1972 மே 24 அன்று திறக்கப்பட்ட ‘ஸ்பகெட்டி ஜங்ஷன்’ எனும் சாலைச் சந்திப்பு. அங்கே கால்வாயில் படகை இழுக்கும் குதிரையின் கயிறு தட்டாதபடி தூண்களுக்கு இடம் பார்த்தார்களாம். குதிரைக்கு இருந்த கவனம் தண்ணீருக்கு இல்லாமல் போனது.

தூண்களின் தலையில் கான்கிரீட் குறுக்கு உத்திரம். அடுத்தடுத்த உத்திரங்களின் மேல் தனித்தனித் துண்டுகளாகச் சாலைத் தளம். துண்டுகளுக்கு நடுவே, வெயிலில் விரிந்து குளிரில் சுருங்க ஓர் இடைவெளி. பனிக்காலத்தில் சாலை உறையாமலிருக்க லாரிகள் உப்பைத் தூவுகின்றன. உருகிய உப்புநீர் அந்த இணைப்புகள் வழியே கசிந்து நேராக உத்திரத்தில் இறங்குகிறது.

கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பிமேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், உள்ளிருந்தே நெட்டித் தள்ளும், காரை பெயரும். வெடிப்பு வெளியே தெரியுமுன்பே சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்று ஒலித்தால் உள்ளே பிரிந்துவிட்டது.

மேலே லாரிகள் ஓடிக்கொண்டிருக்க, கீழே முட்டுக் கொடுத்து, கெட்ட கான்கிரீட்டைச் செதுக்கி எடுத்துப் புதிதாக இட வேண்டும். அதோடு வேலை முடிவதில்லை. உப்பு ஊறிய மிச்சப் பகுதி கம்பியை மறுபடி அரிக்கும். எனவே உத்திரத்தின் மேற்பரப்பில் மின்கடத்தும் பூச்சு பூசி, குறைந்த அழுத்த நேர்மின்சாரத்தைக் கம்பிக்குச் செலுத்துகிறார்கள். மின்சாரம் ஓடும்வரை இரும்பு துருப்பிடிக்கும் வேதிவினை அடங்கியிருக்கும். நின்றால் போச்சு. அதனால்தான் கான்கிரீட்டுக்குள் உணரிகளைப் பதித்து, காப்பின் அளவு இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.