படகுக் கொட்டகை போடுமுன்

இங்கிலாந்தில் அக்டோபர் பிறந்துவிட்டால், ஏரிகளிலும் கழிமுகங்களிலும் ஓடிய சிறு பாய்மரப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறத் தொடங்கும். காருக்குப் பின்னால் டிரெய்லரில் வீடு வந்து சேர்ந்து, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வசந்தம் வரை வாசலோரம் கிடக்கும். கோடை முழுக்க அலை மோதியும் கலங்காத படகு, இப்படிச் சும்மா கிடக்கும் மாதங்களில்தான் பாழாகிறது.

இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்குள் காற்று ஓடாது. பகலில் எழும் ஈரம் இரவுக் குளிரில் பாயின் உட்புறம் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு திரும்பவும் படகுக்குள்ளேயே சொட்டும். மரப் படகுக்கு மழைநீர்தான் எமன். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை உப்புநீரில் எளிதில் பிழைக்காது, நன்னீரில் செழிக்கும். ஃபைபர் படகிலோ, மிதவை அறைக்குள் தேங்கிய தண்ணீர் ஜனவரியில் உறைந்து விரிந்து, ஒட்டிய இடங்களைப் பிளந்துவிடும். அதனால்தான் பின்தோட்டம் உள்ளவர்கள் படகுக்கென்று ஒரு கொட்டகை போட நினைக்கிறார்கள். நல்ல நினைப்பு. ஆனால் பலரும் கடைக்குப் போய் ஷெட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் படகை அளக்கிறார்கள்.

அளக்க வேண்டியது படகை மட்டும் அல்ல. டிரெய்லர்மேல் ஏறி நிற்கும் படகை, கடைசிப் பலகை வரை சேர்த்து அளக்க வேண்டும். பிரிட்டனில் பரவலாகக் காணப்படும் வேஃபேரர் படகையே எடுத்துக்கொள்வோம். 1957-ல் இயன் பிராக்டர் வடிவமைத்தது. கூரையோ அறையோ இல்லாத இந்தத் திறந்த படகில்தான் 1963-ல் ஃபிராங்க் டை துணைக்கு ஒருவரோடு ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை போனார். நீளம் 4.82 மீட்டர், அகலம் 1.85 மீட்டர். விளம்பரத் தாளில் இருக்கும் இந்த அளவை நம்பி 5 மீட்டர் ஷெட் வாங்கினால் கதவு மூடாது. முன்னால் காரோடு பூட்டும் கம்பு நீண்டிருக்கும்; பின்னால் சுக்கான் பொருத்தும் கீல்களும் விளக்குப் பலகையும் இருக்கும். எல்லாம் சேர்த்தால் 6 மீட்டரை நெருங்கும். சக்கர மட்கார்டுகளோடு அகலம் 2 மீட்டர் வரும். இருபக்கமும் ஆள் நடந்துபோய்ச் சுரண்டவும் வார்னிஷ் அடிக்கவும் 60 சென்டிமீட்டர் விட்டால் உள்ளளவு 6.5-க்கு 3.2 மீட்டர். பாய்மரம் படகைவிட நீளமானது. அதற்கு மூலைவிட்டமாகவோ சுவரையொட்டியோ மேலே தாங்கிகள் அடித்தாக வேண்டும். இல்லையென்றால் அது வெளியில்தான் கிடக்கும்.

அடுத்து, வரும் வழி. அந்த நாட்டு விதிப்படி வீட்டின் முகப்புச் சுவருக்கு முன்னால் இத்தகைய கட்டடத்தை அனுமதியின்றிக் கட்ட முடியாது. ஆகவே படகு வீட்டுப் பக்கச் சந்து வழியாகத்தான் பின்தோட்டத்துக்குப் போக வேண்டும். சந்து 2.4 மீட்டர் இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். மழைநீர்க் குழாய், கேஸ் மீட்டர் பெட்டி, வேலிக் கம்பத்தின் கான்கிரீட் முட்டு என்று துருத்திக்கொண்டிருப்பவை எல்லாம் போக மிஞ்சுவதுதான் வழியின் அகலம். சந்து முடியும் இடத்தில் டிரெய்லர் திரும்ப இடமும் வேண்டும். காரை அதற்குள் கொண்டுபோக முடியாதபோது கையால்தான் தள்ள வேண்டும். குளிர்காலத்தில் ஊறிக் கிடக்கும் புல்தரையில் சிறிய முன்சக்கரம் புதைந்து நின்றுவிடும். காற்றடைத்த பெரிய சக்கரம் மாட்டி, புல்லுக்கடியில் பிளாஸ்டிக் கட்டத் தளம் பதித்தால் பிரச்சினை தீரும். கொட்டகையின் பின்சுவர்ப் பக்கம் தரையில் ஓர் இரும்பு வளையத்தைப் புதைத்து அதில் கை வின்ச் மாட்டினால், ஒருவரே படகை உள்ளே இழுத்துவிடலாம்.

இனிச் சட்டம். இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணைப்படி, வீட்டோடு சேர்ந்த தோட்டத்தில் சொந்தப் பொழுதுபோக்குக்கான கட்டடத்தைத் தனி விண்ணப்பம் போடாமலே கட்டலாம். சில வரம்புகள் உண்டு. எல்லை வேலிக்கு 2 மீட்டருக்குள் கட்டடத்தின் எந்தப் பகுதி வந்தாலும் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. தள்ளிக் கட்டினால் இருபுறச் சரிவுக் கூரைக்கு 4 மீட்டரும் மற்றவற்றுக்கு 3 மீட்டரும் போகலாம். ஆனால் கூரை வந்து சுவரில் இறங்கும் இடம் எப்போதும் 2.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பழைய வீட்டைச் சுற்றிய நிலத்தில் பாதிக்கு மேல், பின்னால் சேர்த்த அறைகளையும் கணக்கில் எடுத்து, கட்டடம் அடைக்கக்கூடாது. பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிட்ட வீடு என்றால் இந்தச் சலுகை கிடையாது. தேசியப் பூங்கா, பாதுகாக்கப்பட்ட பகுதி போன்ற இடங்களில் விதி இன்னும் இறுகும். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் விதிகள் தனி.

இந்தக் கூரை விதிதான் கதவை எந்தச் சுவரில் வைப்பது என்று தீர்மானிக்கிறது. வேஃபேரருக்கு 2.5 மீட்டர் தாராளம். முன்கண்ணாடியும் சிறு அறையும் உள்ள மோட்டார் படகுக்கு அது போதாது. அப்படிப்பட்டவர்கள் எல்லையிலிருந்து 2 மீட்டர் தள்ளி, 4 மீட்டர் முகடு எழுப்பிவிட்டு, கதவைப் பக்கச் சுவரில் வைத்துவிடுவதுண்டு. பக்கச் சுவர் 2.5 மீட்டர்தான், உத்தரத்தின் கனம் போனால் கதவுக்கு 2.2 மீட்டர்கூடத் தேறாது. உள்ளே ஆகாயம் அளவுக்கு இடம் இருந்தும் படகு வாசலிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். கதவை முக்கோணச் சுவரில், முகட்டுக்கு நேர் கீழே வைக்க வேண்டும். கைமரங்களைச் சேர்த்துக் கட்டும் குறுக்கு விட்டங்களை எவ்வளவு உயர்த்தலாம் என்று அளவு கொடுக்குமுன்பே தச்சரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாசல் உயரத்தை அளக்கும்போது இன்னொன்றும் உண்டு. முற்றம் சரிவாகவும் கொட்டகைத் தளம் மட்டமாகவும் இருந்தால், டிரெய்லர் சக்கரம் வாசற்படியைக் கடக்கும் கணத்தில் படகு சாய்ந்து ஒரு முனை எழும், மறுமுனை தாழும். சமதரையில் அளந்தபோது ஒரு சாண் இடைவெளி இருந்த முன்கண்ணாடி, அந்தக் கணத்தில் உத்தரத்தில் போய் இடிக்கும்; அல்லது பின்னால் தொங்கும் இன்ஜினின் அடிக்கத்தி தரையைக் கீறும். சரிவைப் படிப்படியாகக் குறைத்து வாசலோடு இணைப்பதற்கு ஆகும் செலவு, உடைந்த கண்ணாடியை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

பரப்பளவையும் கவனியுங்கள். 6.5-க்கு 3.2 என்றால் கிட்டத்தட்ட 21 சதுர மீட்டர். 15 சதுர மீட்டர் வரை, உள்ளே யாரும் படுத்துறங்காத கொட்டகைக்குக் கட்டட விதிகள் பொருந்துவதில்லை. 15-லிருந்து 30 வரை போனால், எல்லையிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், அல்லது பெரும்பாலும் தீப்பிடிக்காத பொருளால் கட்டியிருக்க வேண்டும். மரக் கொட்டகையை வேலியை ஒட்டிப் போட நினைப்பவர்கள் இங்கேதான் இடறுவார்கள். பக்கத்து வீட்டுக்குத் தீ பரவக்கூடாது என்பதற்காக வந்த விதி இது. ரெசினும் பெட்ரோலும் இருக்கும் இடத்துக்கு மிகவும் பொருத்தமானது.

தளத்துக்கு நன்றாகத் திமிசு போட்ட ஜல்லிமேல் 100 மில்லிமீட்டர் கான்கிரீட் போதும். படகின் பாரமெல்லாம் இரண்டு சக்கரத்திலும் ஒரு முன்காலிலும் மட்டும் இறங்குவதால், மணல்மேல் அடுக்கிய நடைபாதைக் கற்கள் நாளடைவில் அமுங்கிவிடும். வாசலை நோக்கி வாட்டம் கொடுங்கள். ஈரமாக வந்து நிற்கும் படகிலிருந்து வடியும் நீர் தானாக வெளியேறட்டும்.

சுவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மூடிவைத்தால் பத்திரம் என்று நினைத்து, இடுக்கின்றி அடைத்த தகரப் பெட்டியை வாங்குகிறார்கள். அது தார்ப்பாயின் வேலையையே பெரிய அளவில் செய்யும். குளிர்ந்த இரவில் தகரக் கூரையின் உட்புறம் வியர்த்து, படகின்மேல் மழையாகச் சொட்டும். தகரம்தான் வேண்டும் என்றால், ஈரத்தை உறிஞ்சிப் பிறகு காற்றில் விட்டுவிடும் கம்பளி போன்ற உள்பூச்சு ஒட்டிய தகடுகளாகப் பார்த்து வாங்க வேண்டும். அதைவிடச் சிறந்தது, வட இங்கிலாந்து மாட்டுக்கொட்டில்களில் காலங்காலமாக இருப்பது. யார்க்‌ஷயர் பலகைச் சுவர் என்பார்கள். செங்குத்துப் பலகைகளை ஒட்ட அடிக்காமல் விரலளவு இடைவெளி விட்டு அடிப்பது. இரண்டு வரிசையாக, முன்வரிசையின் இடுக்கைப் பின்வரிசைப் பலகை மறைக்கும்படி அடித்தால் சாரல் இன்னும் குறையும். காற்று தாராளமாகப் போய்வரும். மூச்சுவிடும் ஆடுமாடுகளுக்கு இடையிலும் கொட்டிலை உலர்வாக வைத்திருக்கும் சுவர், படகையும் காக்கும். கீழே ஒரு சாண், முகட்டில் ஒரு கோடு என்று திறப்பு விட்டால் குறையே இராது.

பலகைமேல் பலகை ஏற்றிச் செய்த பழைய பாணி மரப் படகு வைத்திருப்பவர்கள் மட்டும் எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி உலர்ந்தால் பலகைகள் சுருங்கி, இணைப்பு விட்டுப்போகும். அவர்கள் கொட்டகையில் ஹீட்டர் வைக்கவே கூடாது. தளம் மண்ணாகவே இருந்தால்கூட அந்தப் படகுக்கு நல்லது.

உள்ளே வைத்த பிறகு செய்ய வேண்டியவை அதிகமில்லை; தவறாமல் செய்ய வேண்டும். அடித்துவார அடைப்பான்களைக் கழற்றி, முன்முனையைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள். டிரெய்லரை நன்னீரில் கழுவுங்கள். ஓடிச் சூடேறிய சக்கர அச்சுக்குடம் குளிர்ந்த கடல்நீரில் இறங்கும்போது உள்ளே உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த பேரிங்கைக் கழற்றிப் பார்த்து கிரீஸ் மாற்றுவது இந்த மாதங்களில்தான் முடியும். கைபிரேக்கை இழுத்துவிட்டால் வசந்தத்தில் அது இறுகிக் கிடக்கும். பதிலாகச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டயரில் பாரம் ஏறாதபடி அச்சுக்கு முட்டுக் கொடுப்பதும் நல்லது. பெட்ரோலை உள்ளே விட்டுவைக்காதீர்கள். 2021-லிருந்து அங்கே விற்கும் இ10 பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுத்து இன்ஜினைக் கெடுக்கும்.

கடைசியாக ஒன்று. படகும் கேரவனும் நிறுத்தக்கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்த குடியிருப்புகள் அங்கே ஏராளம். கவுன்சில் விதிக்கு உட்பட்டிருந்தாலும் அந்த நிபந்தனை நிபந்தனைதான். ஆகவே பத்திரத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். பிறகு நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, டிரெய்லரையும் படகையும் சந்து வழியாக அந்தக் கயிற்றுக்குள் ஒருமுறை தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். அது சரிவந்தால் வரைபடத்தோடு கவுன்சிலுக்கு விண்ணப்பித்து, இந்தக் கட்டடம் சட்டப்படி செல்லும் என்ற சான்றிதழை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி தேவையில்லாத கட்டடத்துக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயமல்ல. ஆனால் நாளைக்கு வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். தச்சருக்கு முன்பணம் அதன் பிறகு கொடுத்தால் போதும்.