ரீச்சரின் வாய் தெரியாத வகுப்பு

'ம' சொல்லும்போது உதடுகள் ஒட்டும். 'ந' சொல்லும்போது ஒட்டாது. இரைச்சலான வகுப்பில் இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே விழும். பிரித்துக் காட்டுவது கண்தான். 2021இல் கொழும்பில் தரம் 1இல் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கண் துணை கிடைக்கவில்லை. கொவிட் காலம்; அவர்களும் மாஸ்க், ரீச்சரும் மாஸ்க். மெல்லிய மாஸ்க்கே குரலின் கூர்மையான ஒலிகளை 3, 4 டெசிபல் மழுக்கிவிடும்.

2020 ஒக்டோபரில் முகக்கவசம் சட்டப்படி கட்டாயமானது. மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் கொட்டாஞ்சேனைப் பக்கம் தனிமைப்படுத்தல் ஊரடங்கில் கிடந்தது. அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒரே அறையில் படுத்தெழும்பும் வீடுகளில் வேறென்ன தடுப்பு இருந்தது?

ஆனால் ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2020 ஓகஸ்டிலேயே சொல்லியிருந்தன. நம் தரம் 1 தொடங்குவதும் ஐந்து வயதில்தான்.

பிள்ளைகள் முகம் பார்த்து உணர்ச்சி அறிய மாட்டார்கள் என்ற பயம் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வில் 7 முதல் 13 வயதுப் பிள்ளைகள் மாஸ்க் போட்ட முகத்திலும் கோபத்தையும் சோகத்தையும் ஓரளவு கண்டுபிடித்தார்கள். என் கவலை பேச்சைப் பற்றியது. வெள்ளவத்தைப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், வீதியில் சிங்களம், நேர்சரியில் ஆங்கிலம். 'ஃபேன்' என்ற சொல்லுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். அதை வாயால் விளக்க முடியாது, காட்டத்தான் முடியும். காது மந்தமான பிள்ளைக்கோ உதடுதான் பாதிக் காது.

பாடசாலைகளும் 2021 ஏப்ரல் கடைசி தொடங்கி ஒக்டோபர் வரை மூடிக் கிடந்தன. எனவே குறை எல்லாவற்றையும் மாஸ்க்கின் தலையில் போடுவது நியாயமில்லை. காரணம் எதுவானாலும் பிள்ளைக்கு உதவி வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் 2025இல் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். வினாத்தாளுக்கு உச்சரிப்பு கேட்காது. அதனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பாடசாலைகள் அந்த வயதுப் பிள்ளை ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கவைத்துக் கேட்க வேண்டும். தடுமாறுபவருக்குச் செவிப்புலன் சோதனையும், தமிழில் பேச்சுச் சிகிச்சையும் ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழில் அச்சிகிச்சை தருவோர் இங்கு குறைவு. ஆகவே இந்தத் தவணையிலேயே பெயர்களை எழுதத் தொடங்குங்கள்.