மருந்தை ஊற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்!

வண்ணமீன் தொட்டியில் வரும் சிக்கல்களும் தீர்வுகளும்

வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு விற்ற காசைப் போட்டு, கொல்லையில் இரண்டு சிமென்ட் தொட்டி கட்டி வண்ணமீன் விடுகிறார் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். பத்தே நாளில் மீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கினால் மனசு விட்டுப்போகும். உடனே ‘நோய்’ என்று நினைத்து மருந்து வாங்கி ஊற்றுவார்கள். ஆனால், புதிதாகத் தொடங்குபவர்களின் தொட்டியில் பெரும்பாலும் கெட்டிருப்பது தண்ணீர்தான்.

சிமென்டும் போர் தண்ணீரும்

புதுத் தொட்டியில் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும். தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு ஊறவைத்து, சில நாள் கழித்து வெளியேற்ற வேண்டும். இப்படி இரண்டு, மூன்று வாரம் மாற்றி மாற்றிச் செய்து, பி.ஹெச். அளவு 8-க்குக் கீழே வந்த பிறகே மீன் விட வேண்டும்.

போரிலிருந்து நேராக வரும் தண்ணீரில் பிராணவாயு குறைவு; கரியமில வாயு அதிகம். வேறு தொட்டியில் ஒரு நாளாவது காற்றுப் பம்பு ஓடவிட்டுப் பிறகு பயன்படுத்தலாம். ஊராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், அதற்கும் இதே வழிதான்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

மீனின் கழிவும், தின்னாமல் அழுகும் தீனியும் அமோனியாவாக மாறும். நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலில் யூரியா மாறும் அதே கதைதான். ஆனால், புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீனை நெருக்கி விட்டால் விஷம் ஏறும்.

காரத்தன்மை கூடினால் ஆபத்தும் கூடும். 25 டிகிரி வெப்பத்தில், பி.ஹெச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அமோனியாவில் 1 சதவிகிதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பி.ஹெச். 8-ல் அது சுமார் 5 சதவிகிதம்; 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

பாக்டீரியாக்கள் தங்க நுண்துளை உள்ள பொருள் வேண்டும். பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலம் பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளபளப்புப் பூச்சு உள்ள பீங்கான் ஓடு இதற்கு உதவாது. பூச்சு இல்லாத சுட்ட மண் துண்டுகளைக் கழுவி, வடிகட்டியில் போடலாம். அவற்றைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்து அலசினால் பாக்டீரியா போய்விடும். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். தேவையில்லாமல் ஊற்றும் மருந்தும் இந்த பாக்டீரியாக்களைக் கொல்லக்கூடும்.

அறிகுறி என்ன சொல்கிறது?

விடியற்காலையில் மட்டும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால், பிராணவாயுப் பற்றாக்குறை. எந்த நேரமும் திணறி, செவுள் சிவந்திருந்தால் அமோனியாவைச் சந்தேகிக்கலாம். செவுள் பழுப்பாக மாறினால் நைட்ரைட்.

மீன் சோர்ந்த அன்றே தீனியை நிறுத்துங்கள். இறந்த மீன்களை எடுத்துவிடுங்கள். கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றிக் காற்றுப் பம்பை ஓடவிடுங்கள். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே மீன் சாகும். நைட்ரைட் சந்தேகம் இருந்தால் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றலாம். மீன் தேறிய பிறகு, ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு தீனி போதும்.

தண்ணீருக்கேற்ற மீன்

மண்ணுக்கேற்ற பயிர் என்பதுபோல, தண்ணீருக்கேற்ற மீனைத் தேர்வு செய்ய வேண்டும். உப்பும் கடினத்தன்மையும் உள்ள போர் தண்ணீரில் கப்பி, மோலி, பிளாட்டி நன்றாக வரும். மென்னீர் கேட்கும் டிஸ்கஸ், டெட்ரா போன்றவற்றில் தொடக்கத்திலேயே பணத்தைப் போட வேண்டாம். வாங்கிவந்த மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

தொட்டி கட்டும் முன்பே தண்ணீரைப் பரிசோதிப்பது நல்லது. அதுபற்றி விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில், 3 லட்சம் ரூபாய் மதிப்பிலான கொல்லைப்புற வண்ணமீன் அலகுக்குப் பொதுப்பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 60 சதவிகிதமும் மானியம் உண்டு. தற்போது விண்ணப்பிக்க முடியுமா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.