முருங்கை இலைப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும்
வீட்டிலேயே தயாரித்து அன்றாட உணவில் சேர்க்கும் முறை

கிணற்றடியில் ஒரு முருங்கை மரமும், பாத்திரம் கழுவும் நீர் பாயும் இடத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடியும் தமிழகத்தின் பெரும்பாலான விவசாயிகள் வீட்டில் காணப்படுபவை. ஒரு பருவத்தில் முருங்கைத் தழை மரம் கொள்ளாத அளவுக்குக் கிடைக்கிறது. வீட்டுக்குப் போக மீதி ஆடுகளுக்குப் போகிறது. பனிக்காலம் வந்தால் அதே மரத்தில் இலை பழுத்து உதிர்கிறது. கம்பளிப்பூச்சி விழுந்துவிட்டால் மரமே மொட்டையாகி நிற்கிறது. அப்போது வீட்டில் கீரை என்ற பேச்சே இருப்பதில்லை.

தழை மிகுந்த காலத்தில் அதை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி வைத்துக்கொண்டால், இலை இல்லாத காலத்திலும் வீட்டிலுள்ள அனைவருக்கும் நாள்தோறும் சிறிதளவு கீரைச் சத்துக் கிடைக்கும். இதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. தேவைப்படுவது கவனம் ஒன்றே.

இக்கவனம் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை உள்ளது. 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இது 100க்கு 57 பேர். களை எடுக்கவும் நாற்று நடவும் செல்லும் பெண்கள் சிறிது வேலை செய்தாலே மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, கண் இருட்டுவது ஆகியவற்றுக்கு இரத்தசோகையே பல சமயங்களில் காரணமாக இருக்கிறது.

பொடியில் உள்ளது எவ்வளவு?

முருங்கை இலைப் பொடியைப் பற்றி இன்று மிகைப்படுத்திய செய்திகள் பல உலவுகின்றன. மற்றக் கீரைகளைவிடப் பல மடங்கு இரும்புச்சத்து உள்ளது என்று கூறி, விலையுயர்ந்த டப்பாக்களில் இப்பொடி விற்கப்படுகிறது. இக்கணக்கில் உள்ள சூட்சுமத்தை விவசாயிகள் எளிதில் புரிந்துகொள்ளலாம். பச்சை மீனையும் கருவாட்டையும் எடைக்கு எடை ஒப்பிட்டால் கருவாட்டில்தான் சத்து அதிகம் இருக்கும். நீர் வற்றியதே அதற்குக் காரணம். பொடியும் அவ்வாறே. உலர்ந்த பொடியைப் பச்சைக் கீரையோடு ஒப்பிட்டால் எந்தப் பொடியும் பல மடங்கு உயர்ந்ததாகவே தோன்றும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி, 100 கிராம் பச்சை முருங்கை இலையில் முக்கால் பங்கு நீர் உள்ளது. புரதம் 6 கிராமுக்குச் சற்று மேலும், சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்குச் சற்று மேலும், இரும்புச்சத்து சுமார் 4.5 மில்லிகிராமும் உள்ளன. வைட்டமின் 'ஏ' ஆக உடலில் மாறும் கரோட்டின் என்னும் சத்தும் மிகுதியாக உள்ளது.

100 கிராம் இலையை உலர்த்தினால் 25 கிராம் அளவே எஞ்சும். எனவே ஒரு தேக்கரண்டிப் பொடி, அதாவது சுமார் 3 கிராம், ஒரு சிறு பிடி பச்சை இலைக்குச் சமம். அதில் உள்ள இரும்புச்சத்து அரை மில்லிகிராம் அளவுதான். உழைக்கும் வயதுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்று 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்துள்ளது. எஞ்சியது தானியம், பயறு, கீரை, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தே வர வேண்டும்.

மாத்திரைக்கு மாற்று அன்று

அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிப் பெண்களுக்கு நாள்தோறும் உண்ண வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. இந்த அளவைப் பொடியிலிருந்து பெற வேண்டுமானால் 100 தேக்கரண்டிக்கு மேல் உண்ண வேண்டும். அது எவராலும் இயலாது. ஆகவே முருங்கைப் பொடி சாப்பிடுவதால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எண்ணுவது தாய்க்கும் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் கேடு விளைவிக்கும். மாத்திரையும் தொடர வேண்டும், பொடியும் உணவில் சேர வேண்டும். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு முதலியவற்றுக்கு மருந்து உண்பவர்கள், சமையலில் சேரும் அளவுக்கு மேல் பொடியைத் தனியாக உண்ண விரும்பினால் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. முருங்கையின் வேரையும் பட்டையையும் எக்காரணம் கொண்டும் பொடியில் சேர்க்கக் கூடாது.

அப்படியானால் பொடியினால் என்ன பயன்? வாரம் ஒரு முறையோ இரு முறையோ மட்டும் கீரை சமைக்கும் வீட்டில், மற்ற நாட்களிலும் ஒரு பிடி கீரை ஒவ்வொருவர் வயிற்றுக்கும் போய்ச் சேரும் என்பதே பயன். கீரையைக் கண்டால் தட்டைத் தள்ளிவிடும் குழந்தையும் தோசையில் கலந்த பொடியை உண்டுவிடும்.

தழை பறித்தல்

பூச்சிமருந்து தெளித்த மரத்தின் தழையைப் பொடிக்குப் பயன்படுத்தக் கூடாது. காய்க்காகச் செடிமுருங்கை பயிரிடுவோர், நுனி கிள்ளும்போதும் மறுதாம்புக்கு வெட்டும்போதும் ஏராளமான தழை கிடைக்கும் என்று அதைப் பொடியாக்க நினைக்கலாம். காய்ப்புழு, பழ ஈ முதலியவற்றுக்கு அண்மையில் மருந்து அடித்திருந்தால் அத்தழையைத் தவிர்க்க வேண்டும். வீட்டுத் தேவைக்கென ஒரு போத்தைத் தனியே நட்டு, அதற்கு மருந்தே அடிக்காமல் வளர்ப்பது சிறந்தது. கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போது தீப்பந்தத்தை லேசாகக் காட்டி அழிக்கலாம்.

காலையில் பனி ஈரம் காய்ந்த பின் தழையைப் பறிக்க வேண்டும். மிக இளந்தளிரும் வேண்டாம், பழுத்த இலையும் வேண்டாம். நன்கு விரிந்த பச்சை இலைகளே ஏற்றவை. பூச்சி அரித்தவை, புள்ளி விழுந்தவை, மஞ்சளானவை ஆகியவற்றை நீக்கி, காம்புகளைக் களைந்து உருவிக்கொள்ள வேண்டும். இலையைச் சுத்தமான நீரில் இரண்டு மூன்று முறை அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி நீரை வடியவிட வேண்டும்.

நிழலில் உலர்த்துதல்

பொடியின் தரத்தை முடிவு செய்வது இக்கட்டமே. மிளகாயையும் மல்லியையும் போல் கீரையையும் களத்து வெயிலில் காயவைப்பது பலர் செய்யும் தவறு. நேர் வெயிலில் கரோட்டின் சத்து பெருமளவு அழிந்துவிடும். இலையும் பழுப்பேறி வைக்கோல் போலாகிவிடும். வைட்டமின் 'சி' எப்படி உலர்த்தினாலும் பெரும்பகுதி போய்விடும். கரோட்டினையாவது காப்பாற்ற வேண்டுமானால் நிழலே வழி.

காற்றோட்டமுள்ள திண்ணையிலோ அறையிலோ, தரையில் நேராகப் போடாமல் கயிற்றுக் கட்டிலின் மீது துணி விரித்து, இலைகளை மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். தூசும் ஈயும் அண்டாதபடி மெல்லிய வேட்டித் துணியால் மூடலாம். நாளைக்கு இரு முறை கிளறிவிட வேண்டும். நல்ல காற்றுள்ள நாட்களில் மூன்று நான்கு நாட்களில் உலர்ந்துவிடும். விரல்களுக்கிடையே நசுக்கினால் சலசலவென்று நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். அடைமழைக் காலத்தில் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது. இலை உலர்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

உலர்ந்த இலையை உடனே அரைத்துச் சலித்து, சூடு ஆறிய பின் ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் வைத்தால் வெளிச்சம் படாத அலமாரியில் வைக்க வேண்டும். அன்றாடப் பயனுக்குச் சிறு டப்பாவில் தனியே எடுத்துக்கொண்டால் பெரிய டப்பாவை அடிக்கடி திறக்க வேண்டியதில்லை. ஈரக் கரண்டியை உள்ளே விடக் கூடாது. இவ்வாறு வைத்த பொடியை ஆறு மாதத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டால் அதில் சத்துக் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஒரு கிலோ இலையிலிருந்து கழிவு போக ஏறக்குறைய 200 கிராம் பொடி கிடைக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் மாதத்திற்கு 450 கிராம் பொடி தேவை. இதற்கு இரண்டேகால் கிலோ இலை போதும்.

கறிவேப்பிலைப் பொடி

குழம்பில் மிதக்கும் கறிவேப்பிலையைப் பெரும்பாலோர் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். மணம் மட்டும் குழம்புக்கு வருகிறது, இலை குப்பைக்குப் போகிறது. பொடியாக்கினால் இலை முழுவதும் உணவாகிறது. இதையும் முருங்கை இலையைப் போலவே கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். மணம் எளிதில் ஆவியாகிவிடுவதால் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்து ஒரு மாதத்திற்குள் தீர்த்துவிடுவது நல்லது.

விற்பனைக்காகப் பயிரிடும் கறிவேப்பிலைத் தோட்டங்களில் இலையே விளைபொருள் என்பதால், மருந்து நேரே இலைமேல் படிகிறது. காரமடை, மேட்டுப்பாளையம் போன்ற பகுதிகளில் இதைப் பரவலாகப் பயிரிடும் விவசாயிகள், மருந்துப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்புக் காலம் முடியும் முன் இலை ஒடிக்கக் கூடாது. வீட்டுச் செடிக்கு மருந்தே தேவையில்லை. இலையைத் தின்னும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்களைக் கையால் பொறுக்கி அழித்தாலே போதும்.

உணவில் சேர்க்கும் முறை

பொடியை நெடுநேரம் கொதிக்கவிடக் கூடாது. சாம்பார், கூட்டு, பருப்பு, ரசம் ஆகியவற்றை அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் தூவிக் கிளறினால் போதும். தோசை மாவு, அடை மாவு, சப்பாத்தி மாவு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் ஆகியவற்றிலும் கலக்கலாம். அளவு மிஞ்சினால் கசப்புத் தட்டும், குழந்தைகள் பிறகு தொடமாட்டார்கள். ஒரு வயதைக் கடந்த குழந்தைகளுக்கு ஒரு சிட்டிகையில் தொடங்கி, பழகிய பின் அரைத் தேக்கரண்டி வரை கொடுக்கலாம்.

கரோட்டின் எண்ணெயில் கரையும் சத்து. சிறிது நல்லெண்ணெயோ நெய்யோ உடன் இருந்தால்தான் அது உடலில் நன்கு சேரும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வதற்கு வைட்டமின் 'சி' உதவுகிறது. எனவே சாப்பாட்டுடன் எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். காப்பியும் தேநீரும் இரும்பைச் சேரவிடாமல் தடுப்பவை. சாப்பிட்டவுடன் அவற்றைக் குடிக்கும் வழக்கத்தை விட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும்.

முருங்கை பருப்புப் பொடி

சோற்றில் பிசைந்து உண்ணவும் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளவும் ஏற்ற பொடி இது. துவரம்பருப்பு 100 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், எள் 50 கிராம், காய்ந்த மிளகாய் 8, சீரகம் ஒரு தேக்கரண்டி, சிறிது பெருங்காயம் ஆகியவற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே இளந்தீயில் கருகாமல் வறுக்க வேண்டும். ஆறிய பின் தேவையான உப்புடன் அரைத்து, கடைசியாக முருங்கை இலைப் பொடி 40 கிராமைக் கலக்க வேண்டும். இலைப் பொடியை வறுக்க வேண்டியதில்லை. அரிசியில் குறைவாக உள்ள ஒரு வகைப் புரதக்கூறு பருப்பில் மிகுதி, பருப்பில் குறைவானது எள்ளில் மிகுதி. மூன்றும் சேரும்போது புரதத்தின் தரம் உயர்கிறது. எள்ளில் எண்ணெய் இருப்பதால் இப்பொடி நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். மூன்று நான்கு வாரத்திற்கு வேண்டிய அளவே தயாரிக்க வேண்டும்.

பூஞ்சணம் குறித்து எச்சரிக்கை

நிலக்கடலைப் பொடி, மிளகாய்ப் பொடி ஆகியவற்றில் மற்றோர் ஆபத்து உண்டு. ஈரத்துடன் மூட்டை கட்டிய கடலையிலும் மிளகாயிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்லாடாக்சின் என்னும் நச்சை உண்டாக்குகிறது. அது கல்லீரலைக் கெடுக்கும். வறுப்பதாலும் அரைப்பதாலும் அந்நச்சு முற்றிலும் நீங்காது. நல்ல பருப்பைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, சூம்பியதையும் சொத்தையையும் நிறம் மாறியதையும் வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. இதை விட்டுவிட வேண்டும். பூஞ்சணம் கண்ட பருப்பையும் வற்றலையும் மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடக் கூடாது.

விளைந்ததில் நல்லதை விற்று மீந்ததை உண்பது சிறு விவசாயிகள் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். அதிலும் கடைசியாக உண்பவர் வீட்டுப் பெண்ணே. முருங்கையும் கறிவேப்பிலையும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. ஒரு போத்து, ஒரு கன்று, நிழலில் நான்கு நாள், ஈரமில்லாத ஒரு டப்பா, இவையே தேவை. விவசாயப் பெருமக்கள் இவ்வாண்டு தழை மிகுந்த பருவத்திலேயே வீட்டுக்கு ஒரு கிலோ பொடியேனும் தயாரித்து வைத்து, எல்லோர் தட்டிலும், குறிப்பாகப் பெண்கள் தட்டில், அது நாள்தோறும் சேருமாறு பார்த்துக்கொண்டால் நல்ல பயன் பெறலாம்.