யானைப் பாதம் கேட்பது

பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1965 முதல் ஒரு காது நிலத்தில் புதைந்து கிடக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நில அதிர்வுமானி வரிசை அது. எங்கோ தூரதேசத்தில் நிலத்தடியில் அணுகுண்டு வெடித்தாலும் பிடித்துவிடும். நகரத்தின் தென்கோடியில், பன்னேருகட்டா காட்டில், இன்னொரு காது நடமாடிக்கொண்டிருக்கிறது. யானையின் பாதம்.

உள்ளங்காலில் தடித்த கொழுப்பு மெத்தை, தோலுக்கடியில் அதிர்வை உணரும் நரம்பு முனைகள். நிலம் முனகினால் அது கால் எலும்பு வழியே ஏறி நடுச்செவிக்குப் போய்விடும். செவியும் சளைத்ததல்ல. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நமக்கு ஒன்றும் கேட்காது. யானைகள் அதற்கும் கீழே பேசிக்கொள்ளும். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சி சாலையில் விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன், சத்தமே இல்லாமல் காற்று துடிப்பதை உடம்பில் உணர்ந்தார். பிறகு ஒலிப்பதிவு செய்து வேகமாக ஓடவிட்டபோது யானைகளின் பேச்சு கேட்டது.

நிலநடுக்கத்துக்கு முன் நாய் குரைப்பதில் பெரிய மர்மம் இல்லை. முதலில் வருவது வேகமான, மெல்லிய அலை; குலுக்கும் அலை பின்னால். 100 கிலோமீட்டர் தொலைவில் இடைவெளி பத்துப் பன்னிரண்டு நொடி. முன்னதற்கு நாய் எழுந்திருக்கும், பின்னதற்கு நாம்.

சுனாமி? 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையின் யாலா காட்டு யானைகள் அலைக்கு முன்பே மேட்டுக்கு ஓடிவிட்டன என்று ஊரெல்லாம் பேச்சு. நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். நல்லவேளையாக அங்கே இரண்டு யானைகளின் கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை இருந்தது. அந்தத் தடங்களைப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. பதறி ஓடிய அடையாளமே இல்லை.

இத்தனைக்கும் நேரம் இருந்தது. இந்திய நேரம் காலை 6.28க்கு சுமத்ரா அருகே கடலடி நிலம் பிளந்தது. பாறை வழியே வந்த அதிர்வு யாலாவைத் தொட மூன்று நாலு நிமிடம். கடலலைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். யானைக் கால் அதை உணர்ந்தே இருக்கலாம். ஆனால் அந்த அதிர்வில் ‘கடல் வருகிறது’ என்று எழுதியிருக்காதே! கருவிகளுக்கும் அதே கதிதான். உலகெங்கும் முள் ஆடியது. எச்சரிக்கத்தான் இந்தியப் பெருங்கடலில் மையம் இல்லை. ஐதராபாத்தில் அது வந்தது 2007இல்.

சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவில் கருவியும் இல்லை, யானையும் இல்லை. 1907இல் கடல் வந்த கதையைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. அன்று சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்.