புல்லட்டுக்கு ஒரு பைபாஸ் சர்ஜரி!

தாத்தா ஓட்டின புல்லட், மாமா காலேஜுக்குப் போன யெஸ்டி, அண்ணன் உயிரா வெச்சிருக்கிற ஆர்.எக்ஸ்.100... இதுல ஒண்ணு உங்க வீட்டுல நிக்குதா? ராமநாதபுரத்துல கிளம்பி மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் தாண்டி அரிச்சல்முனை வரை ஒரு ரவுண்ட் அடிக்கக் கை பரபரக்குதா? ஒரு நிமிஷம் பாஸ்! குனிஞ்சு அந்த பெட்ரோல் டியூபைப் பாருங்க.

டேங்க்குல இருந்து கார்புரேட்டருக்குப் போற அந்த ரப்பர் குழாய்தான் வண்டியோட ரத்தக்குழாய். அதுக்கு மூணு வில்லன்கள். முதல் வில்லன் வயசு: ரப்பர் இறுகி, வெடிச்சுடும். ரெண்டாவது எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023-ல அறிமுகமாச்சு. அந்தக் காலத்து ரப்பர் இதுக்காகச் செஞ்சதில்லை, ஊறி உப்பிடும். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுக்கும். மூணாவது நம்ம ஊர் உப்புக்காத்து: கிளிப்பைத் துருப்பிடிக்க வெச்சு பிடியைத் தளர்த்திடும்.

'ஒழுகினா என்ன, ரெண்டு சொட்டுதானே?'ங்கறீங்களா? அந்த ரெண்டு சொட்டும் விழறது கொதிக்கிற இன்ஜின் மேல! 1988-ல திறந்த பாம்பன் ரோடு பாலம் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம். கீழே கடல் நிறைய தண்ணி இருந்தாலும் தீயை அணைக்க உதவாது.

டெஸ்ட் ரொம்ப ஈஸி. டியூபை லேசா வளைங்க. முடி மாதிரி கீறல் தெரிஞ்சாலோ, குச்சி மாதிரி விறைச்சிருந்தாலோ, கையில கறுப்பு ஒட்டினாலோ உடனே மாத்துங்க.

மாத்தறது எப்படி?

* இன்ஜின் நல்லா ஆறட்டும். வேலை திறந்த வெளியில நடக்கட்டும். பீடி, சிகரெட், விளக்கு எதுவும் பக்கத்துல கூடாது. பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டிடுங்க.

* பெட்ரோல் டேப்பை மூடுங்க. பழைய டியூபை முரட்டுத்தனமா இழுத்தா கார்புரேட்டர் மூக்கு உடையும். பிளேடால பதமா கீறி எடுங்க.

* டேப்போட வலையில துருத்தூள் இருந்தா, முதல்ல டேங்க்கைச் சுத்தம் பண்ணணும். இல்லேன்னா புது டியூபும் வேஸ்ட்.

* பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதே உள் அளவுல கேளுங்க. மீன் தொட்டிக்குப் போடற பி.வி.சி. டியூப் வேண்டவே வேண்டாம். எத்தனாலைத் தாங்கற, 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9'னு அச்சடிச்ச குழாய் பெஸ்ட்.

* இந்த வண்டிகள்ல பம்ப் கிடையாது. பெட்ரோல் தானா கீழே இறங்கணும். அதனால மடிப்பு, மேல்நோக்கின வளைவு இல்லாம, சூடான பாகத்துல உரசாம பொருத்துங்க. கிளிப் துருப்பிடிக்காத ஸ்டீல்ல இருக்கட்டும்.

* டேப்பைத் திறந்து பத்து நிமிஷம் காத்திருங்க. ரெண்டு முனையையும் காகிதத்தால துடைங்க. ஈரம் இல்லையா? அப்புறம்தான் கிக்கரை உதைக்கணும்!

ஆங்... டேப் வாஷரும் கார்புரேட்டர் கேஸ்கட்டும் அதே வயசு கிழடுங்கதான். அதையும் சேர்த்துப் பார்த்துடுங்க. வண்டியை நிறுத்தும்போது டேப்பை மூட மறக்காதீங்க.

சின்னச் செலவு, அரை மணி நேர வேலை. இதை முடிச்சிட்டீங்கன்னா தனுஷ்கோடி அலைச் சத்தத்தோட தாத்தாவோட 'டப் டப்' தாராளமா போட்டி போடலாம்!